கயிறு யார் கையில்?

அத்தியாயம் 6

வரத்தின் காரில் ஏசி ஓடியது. பின்னால் வந்த செல்லக்கனியின் ஸ்கூட்டரில் வெயில்தான் ஓடியது.

நான்கு வருஷமாக அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டு சுப்ரஜாவுக்குச் சொந்தம். தூத்துக்குடியில் எந்தத் திருடனைத் தேடிப் போனாலும் உதவியாளர் செல்லக்கனி முன்னால் ஓட்டுவாள். துப்பறிவாளர் சுப்ரஜா பின்னால் உட்கார்ந்து யோசிப்பாள். சுப்ரஜாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, செல்லக்கனிக்குப் பேசாமல் ஓட்டத் தெரியாது. இரண்டும் சேர்ந்து பிழைப்பு நடந்தது.

இன்று பின்சீட்டில் காற்று உட்கார்ந்திருந்தது. தலையில்லாத ஹெல்மெட் கொக்கியில் தொங்கி, பள்ளம் வரும்போதெல்லாம் செல்லக்கனியின் முழங்காலை முட்டியது.

சிக்னலில் காரின் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் வரத் ஏதோ சொன்னான். சுப்ரஜா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

நான்கு வருஷத்தில் தன்னுடைய ஒரு பேச்சுக்கும் இந்த அக்கா பல் தெரியச் சிரித்ததில்லையே என்று செல்லக்கனிக்கு வயிறு எரிந்தது. பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் உப்பு லாரிக்காரன் ஆரன் அடித்து எழுப்பினான்.

கார் தேவமணி டீச்சர் வீட்டு வாசலில் நின்றது.

அந்தப் பெயரைத் தூத்துக்குடியில் தெரியாதவர் கிடையாது. சங்கு குளிக்கப் போய்க் கடலோடு போனவர்களின் குடும்பங்களுக்காக டீச்சர் ஓர் அறக்கட்டளை நடத்திவந்தார். மக்ரூன் கடை, புரோட்டா கடை, மருந்துக் கடை என்று எந்தக் கல்லாவிலும் நீலப் பெயிண்ட் அடித்த பால்பவுடர் டப்பா ஒன்று இருக்கும். மேலே ஒரு துளை, முன்னால் ஒரு சங்குப் படம். 'டீச்சர் டப்பா' என்று பெயர். சில்லறை பாக்கி இருந்தால் கடைக்காரரே கேட்காமல் அதில் போடுவார். யாரும் கணக்குக் கேட்டதில்லை.

அந்த நம்பிக்கையைத்தான் யாரோ திருடியிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. முந்தானையால் முகத்தை மூடிய ஒரு பெண் அழுதாள். கீழே டீச்சர் டப்பாவின் படம். டப்பாவில் சங்கு இருக்க வேண்டிய இடத்தில் பணம் அனுப்பும் க்யூஆர் கட்டம். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் பாய்ந்தது. டீச்சருக்கு அதில் ஒரு பைசா வரவில்லை, பழி மட்டும் வந்தது. இரண்டு வாரத்தில் பாதிக் கடைக்காரர்கள் டப்பாவைக் கல்லாவுக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள்.

"பாத்தியா செல்லக்கனி," என்றார் டீச்சர், காபியை நீட்டிக்கொண்டே. "டப்பாவ எடுத்துட்டுப் போங்கன்னு யாரும் சொல்லல. ஒளிச்சு வைக்காக. அதுதான் தாங்க முடியல."

வரத் வீடியோவைப் போட்டான். 'தேவமணி டீச்சர் அறக்கட்டளை சார்பாகக் கேட்கிறேன்' என்று அந்தக் குரல் தொடங்கியதும் டீச்சர் கையை உயர்த்தினார்.

"அணைச்சிருங்க தம்பி. எம்பேரைக் கேட்டதும் நெஞ்சு அடைக்கி. நான் இதை முழுசாக் கேட்டதே இல்ல."

"நீங்க கேக்கவே வேண்டாம், டீச்சர்." வரத்தின் குரல் வெண்ணெய் தடவியதுபோல இருந்தது. "இது மனுஷக் குரலே இல்லை. கம்ப்யூட்டர் பேசறது. எழுதிக் கொடுத்தா அழும். ஒரு வார்த்தையை மாத்தினா ரெண்டு நிமிஷத்துல புது வீடியோ. இவாளைத் துரத்திண்டு போறதைவிட வழியை அடைக்கறதுதான் புத்தி. சாயங்காலம் கூட்டத்துல கையெழுத்துப் போட்டுடுங்கோ. டப்பாவே வேண்டாம். உங்க அறக்கட்டளைக்கு வர எல்லாப் பணமும் என் ஆப் வழியா வரட்டும். எனக்குச் சம்பளம் வேண்டாம், புண்ணியம் போதும்."

வரத் சென்னையிலிருந்து தானாக வந்தவன். பத்திரிகையில் செய்தியைப் படித்து மனம் பொறுக்கவில்லை என்றான். வங்கி மோசடிகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவனாம். சட்டை கசங்காது, தலை கலையாது. இந்தக் கடற்காற்றில் தலை கலையாத மனுஷனை எப்படி நம்புவது என்று செல்லக்கனி முதல் நாளே கேட்டாள். 'உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?' என்று சுப்ரஜா வாயை அடைத்துவிட்டாள்.

"பூர்வீகம் எங்கன்னு சொன்னீக தம்பி?" என்றார் டீச்சர்.

"ஆழ்வார்திருநகரி. சுப்ரஜாவுக்கும் அதுதானே ஊர். கோயில்ல அந்தப் புளியமரம் இருக்கே, அதுல விழற பழத்தைப் பொறுக்கித் தின்னே வளர்ந்தவன் நான். அந்த இனிப்பு இன்னும் நாக்குல இருக்கு."

சுப்ரஜாவின் முகம் மலர்ந்தது. சிக்னலில் பார்த்த அதே சிரிப்பு. "அந்தப் பழமா?" என்றாள். "அதைத் தின்னவங்களை நான் பார்த்ததே இல்லை, வரத்."

"அதிர்ஷ்டம் வேணும்," என்றான் அவன்.

செல்லக்கனி காபியை மடக்கென்று குடித்தாள். நாக்கு பொத்துப்போனது. ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே புளியமரம். தன் ஊர் சாயர்புரத்துக் கருப்பட்டியை மாதாமாதம் இந்த அக்காவுக்குச் சுமந்து கொடுத்தாளே, அதற்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டா?

"செல்லக்கனி," என்றாள் சுப்ரஜா. "நீ திரேஸ்புரம் போ. சங்கு குளிக்கிறவங்ககிட்ட இந்த வீடியோவை முழுசாப் போட்டுக் காட்டு. என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு ஆபீசுக்கு வா. நான் வரத்கூட கார்ல போயிடறேன். ஒரு விஷயம் பேசணும். நம்ம ஆபீஸ்லயே சேர்ந்துக்கறேன்னு சொல்றார்."

"நல்ல விஷயம்," என்றாள் செல்லக்கனி. "சேரு ஒண்ணுதானக்கா கூட இருக்கு? அதுல நான் இருக்கேன்."

"புதுசா வாங்கிக்கலாம்," என்றான் வரத்.

யாருக்கு என்று அவன் சொல்லவில்லை.

*

திரேஸ்புரம் கரையில் படகுகள் மூக்கை மணலில் வைத்துப் படுத்திருந்தன. பர்னபாஸ் அண்ணாச்சி, சங்கு குளிப்பவர், காற்றுக் குழாயை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இடுப்பில் கயிறு கட்டி முங்கினார்கள். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடும். முங்குகிறவர் வாயில் குழாய் இருக்கும். மேலே ஓர் ஆள் குழாய் மடங்காமல், சிக்காமல் பிடித்திருக்க வேண்டும். அவர் கண் அயர்ந்தால் கீழே இருப்பவர் மேலே வரமாட்டார்.

செல்லக்கனி போனை நீட்டினாள். கம்ப்யூட்டர்ப் பெண் அழுதாள்.

'...என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போனார். மேலே காற்றுக் குழாயைப் பிடித்திருந்தது அவர் கூடப்பிறந்த அண்ணன்தான். அண்ணன் கண் முன்னாலேயே...'

பர்னபாஸ் குழாயைக் கீழே போட்டார். "யாரு பிடிச்சிருந்தான்னு சொல்லுது?"

"அண்ணன்காரரு."

"எந்த ஊருளா இது?"

"தூத்துக்குடின்னுதான் போட்டிருக்கு, அண்ணாச்சி."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம கரையில அண்ணன் கையில குழாயக் குடுத்துட்டு எவன் முங்குவான்? அண்ணன் நல்லவனாவே இருக்கட்டும். தம்பி மேல வரலைன்னா அவனுக்கு வீட்டுல ஒரு பங்கு கூடும்லா? கூடப்பிறந்தவனுக்குள்ள இருக்க பொறாமை கடல் ஆழத்தவிட ஆழம். பொஞ்சாதி கூடப்பிறந்தவன் கையிலதான் குடுப்போம். மச்சினன் கைய விட்டான்னா அவன் தங்கச்சி தாலியில்லா போவும்? பாட்டன் காலத்துக் கயித்துக்கும் அதே சட்டம், எங்காலத்துக் குழாய்க்கும் அதே சட்டம்."

"உங்களுக்கு யாரு பிடிக்கா?"

அவர் படகின் நிழலைக் காட்டினார். ஒருவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். "அன்னா கெடக்கான் பாரு பெனிஸ்டன். எம்மச்சினன். எனக்கும் அவனுக்கும் போன பெருநாள்லருந்து பேச்சுவார்த்தை கெடையாது."

"பேசாமலா குழாய் பிடிக்காரு?"

"பேசுததுக்கு வாய் வேணும். குழாய் பிடிக்கதுக்குக் கைதானளா வேணும்."

செல்லக்கனி ஸ்கூட்டரை உதைத்தாள். மனசு துள்ளியது. வீடியோவை எழுதியவன் கடற்கரைக்காரன் இல்லை. சென்னையிலிருந்து ஏசியோடு வந்தவனுக்குக் கிடைக்காத துப்பு வெயிலில் வந்தவளுக்குக் கிடைத்துவிட்டது. இதைச் சொல்லும்போது அக்காவின் முகம் எப்படி மலரும் என்று வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

மக்ரூன் கடை மாடியில் இருந்தது ஆபீஸ். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நாற்காலி. அவளுடைய நாற்காலி. அதில் வரத் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அதைப் பார்த்ததும் அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. அவன் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னாள். "வீடியோ எழுதுனவன் வெளியூர்க்காரன் அக்கா. அண்ணன் குழாய் பிடிச்சான்னு எழுதியிருக்கான். இந்தக் கரையில மச்சினன்தான் பிடிப்பான். பொஞ்சாதி கூடப்பிறந்தவன். பர்னபாஸ் அண்ணாச்சி சொன்னாரு."

வரத்தின் கால் கீழே இறங்கியது.

சுப்ரஜா அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். இது வேறு சிரிப்பு.

"மச்சினனா? உன்னை நல்லா ஓட்டியிருக்கார் அந்த அண்ணாச்சி."

"அக்கா?"

"நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால கப்பல் இன்சூரன்ஸ்ல இருந்தேன்னு தெரியும்ல? குளிக்கிறவங்க வீட்டுக் கேஸ் எத்தனையோ பார்த்திருக்கேன். அண்ணன் பிடிக்கமாட்டான், அது சரி. ஆனா பிடிக்கிறது மாமனார். பெண்ணைக் கொடுத்தவர். மகள் தாலி அவர் கையில. மச்சினன்னு யாராவது சொன்னா கரையே சிரிக்கும்." அவள் வரத் பக்கம் திரும்பினாள். "அந்த வேலையில இருந்திருக்கலைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"எக்ஸ்பீரியன்ஸ்," என்றான் வரத், தலையை ஆட்டி. செல்லக்கனியைப் பார்த்து உதட்டோரம் ஒரு புன்னகை விட்டான்.

"இதுல என்ன வேடிக்கைன்னா," சுப்ரஜா தொடர்ந்தாள், "வளைகுடாவில நம்ம கரைக்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கு. இந்த வீடியோவை நம்பிப் பெரிய தொகை அனுப்ப இருந்தாங்களாம். அண்ணன்னு கேட்டதும் நிறுத்தி வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை தப்பால அந்தப் பணம் தப்பிச்சுது."

"நான் கேட்டுட்டு வந்தது தப்புன்னு சொல்லுதீங்களா?" என்றாள் செல்லக்கனி.

"தப்புதான். போய் முகம் கழுவு. மூணு பேருக்கும் டீ சொல்லிட்டு வா."

அவள் டீ சொல்லவில்லை. படி இறங்கினாள், ஸ்கூட்டரை எடுத்தாள், போய்விட்டாள்.

*

கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கி வைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கையில் கால் கிலோ மக்ரூன். கோபம் வந்தால் அவளுக்கு இனிப்பு இறங்கும்.

அக்காவுக்கு மூளை மழுங்கிவிட்டது. புளியம்பழம் தின்றவன் வந்தான், கருப்பட்டி கொடுத்தவள் கசந்துவிட்டாள். நாளைக்குப் பலகையில் 'சுப்ரஜா – வரத்' என்று எழுதுவார்கள். பெயிண்டருக்கு டீ வாங்க மட்டும் செல்லக்கனி வேண்டும்.

போன் கிணுங்கியது. சித்தி மகன் ஏதோ அனுப்பியிருந்தான். அதே முந்தானை, அதே அழுகை, அதே நீல டப்பா. அணைக்கப் போனாள். கை நின்றது.

'...மேலே காற்றுக் குழாயைப் பிடித்திருந்தது அவர் மாமனார்தான். மகளைக் கொடுத்த அந்த மாமனார் கண் முன்னாலேயே...'

கையிலிருந்த மக்ரூனைப் பொட்டலத்தில் போட்டுவிட்டு மறுபடி கேட்டாள்.

மாமனார். இந்தக் கரையில் அந்த வார்த்தையை இன்று ஒரே இடத்தில்தான் சொன்னார்கள். மக்ரூன் கடை மாடியில். அங்கே இருந்தது மூன்று பேர்.

கூட்டத்தில் டீச்சர் இந்நேரம் பேனாவைக் கையில் எடுத்திருப்பார். கையெழுத்து விழுந்தால் டீச்சருடைய பெயர் முழுசாக வரத்தின் பைக்குள் போய்விடும். போகட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. டீ சொல்லச் சொன்ன அக்கா படட்டுமே. மூன்றாவது மனுஷி எதற்கு?

பெனிஸ்டன் தூங்கிய கோலம் நினைவுக்கு வந்தது. பேசாவிட்டால் என்ன, குழாயை விடவில்லையே அவன்.

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

*

பள்ளிக்கூட ஹாலில் சங்கு குளிப்பவர்களின் குடும்பங்கள் நிறைந்திருந்தன. மேடையில் டீச்சர், பக்கத்தில் வரத், ஓரத்தில் சுப்ரஜா. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேனா மூடி திறந்திருந்தது.

"டீச்சர், ஒரு நிமிஷம்," என்று செல்லக்கனி நேரே மேடைக்குப் போய் மைக்கின் முன்னால் போனை வைத்தாள். வீடியோ ஹால் முழுக்க அழுதது.

'...பிடித்திருந்தது அவர் மாமனார்தான்...'

பின்வரிசைக் கிழவி ஒருத்தி கேட்டாள். "எந்த மாமனாருளா குழாய் பிடிச்சான்? எங்க அப்பனுக்கு அப்பவே கண்ணு தெரியாது." ஹால் சிரிப்பில் குலுங்கியது. பர்னபாஸ் பக்கத்தில் இருந்த பெனிஸ்டனை முழங்கையால் இடித்தார். பெருநாளுக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சுவார்த்தை அது.

"இந்த வீடியோ இன்னிக்கு மத்தியானத்துக்கு அப்புறம் வந்தது," என்றாள் செல்லக்கனி. "மாமனார்னு சொன்னது எங்க ஆபீஸ்ல. அங்க இருந்தது நாங்க மூணு பேரு."

வரத் பதறவில்லை. எழுந்து நின்று சட்டையை நீவினான். "கரெக்ட். மூணு பேர். அதுல நீயும் ஒருத்தி. நான் வந்ததுலேர்ந்து உனக்கு என்மேல பொறாமை. உன் சேர் போயிடும்னு பயம். எனக்குப் பழி வரணும்னு நீயே இதைப் பண்ணியிருக்கலாமே? சுப்ரஜாவைக் கேளுங்கோ, இவளுக்குப் பொறாமை உண்டா இல்லையான்னு."

எல்லாத் தலைகளும் சுப்ரஜாவின் பக்கம் திரும்பின.

"உண்டு," என்றாள் சுப்ரஜா. "காலையிலேர்ந்து எரிஞ்சுட்டிருக்கா."

செல்லக்கனிக்குக் காது சூடானது. டீச்சர் அவளையே பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை.

"பொறாமைதான்," என்றாள் மைக்கில். "இவரு சட்டையப் பாத்தா பொறாமை. காரப் பாத்தா பொறாமை. என் சேர்ல இருக்கதப் பாத்தப்போ தள்ளிவிடணும்போல இருந்துச்சு. ஆனா ஒண்ணு. எனக்குப் பர்னபாஸ் அண்ணாச்சி சொல்லித்தான் விட்டிருந்தாரு. அக்கா இல்லைன்னு சொன்ன பிறகும் மச்சினன்தான்னு நான் கோவிச்சுட்டுப் போனேன். நான் வீடியோ பண்ணியிருந்தா மச்சினன்னுல்லா போட்டிருப்பேன்? அக்கா சொன்ன மாமனார நம்புன ஆளு ஒருத்தருதான்."

வரத்தின் தலைமுடி முதல் முறையாகக் கலைந்தது. அவன் கை அதைக் கோத மறந்து சட்டைப் பையில் இருந்த போனுக்குப் போனது. அதற்குள் சுப்ரஜா கண்ணைக் காட்ட, முன்வரிசையில் கைத்தறிச் சேலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார். "போனை நான் வச்சுக்கறேன். சைபர் க்ரைம்," என்றார்.

டீச்சர் பேனாவை மூடினார். "நாளைக்கே டப்பாவக் கல்லா மேல வைக்கச் சொல்லணும்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"நான் வைக்கேன் டீச்சர்," என்றாள் செல்லக்கனி. "ஒளிச்சு வச்சவன் கடையில முதல்ல."

*

வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நின்றது. சுப்ரஜா பின்னாலேயே வந்தாள்.

"எப்பவிருந்து தெரியும்?" என்றாள் செல்லக்கனி, திரும்பாமல்.

"புளியமரத்திலேர்ந்து. எங்க ஊர் கோயில் மரம் பூக்கும், காய்க்கும். பழுக்காது. ஊர்ல பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவன் பழம் பொறுக்கித் தின்னானாம். டீச்சர் பேரை வச்சு ஊரை ஏமாத்தினவன், என் ஊர் பேரை வச்சு என்னை ஏமாத்த வந்தான். நல்ல பேர் எங்க இருந்தாலும் அதுக்குள்ள புகுந்துக்கறது அவன் தொழில்."

"அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சீங்களா?"

"வேற எதுக்கு? வீடியோவை எழுதினவன் தப்பைத் திருத்துவான்னு காத்திருந்தேன். நீ உள்ள வந்து சரியான பதிலை அவன் முன்னாலேயே கொட்டிட்ட. சரியான வார்த்தை கரைக்கெல்லாம் சொந்தம் செல்லக்கனி. யார் வேணும்னாலும் போட்டிருக்கலாம். தப்பான வார்த்தைக்குத்தான் ஒரே வீடு. அதான் மாமனாரைக் கூப்பிட்டேன். வளைகுடாச் சங்கமும் அவனுக்குப் போட்ட தூண்டில்தான்."

"எங்கிட்ட ஒரு கண்ணு காட்டியிருக்கலாம்லா?"

"காட்டியிருந்தா உன் முகம் அப்படிக் கறுத்திருக்குமா? அவன் நம்பினது என் வார்த்தையை இல்லை. உன் முகத்தை."

"அப்போ என் வயித்தெரிச்சல வச்சு வேலை வாங்கியிருக்கீங்க."

"ஆமா," என்றாள் சுப்ரஜா. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்ட. திரும்பி வருவியான்னு மட்டும் தெரியலை. டீச்சர் பேனா மூடியைத் திறந்தப்போ எனக்கு மூச்சு முட்டுச்சு."

செல்லக்கனி பின்சீட்டில் மக்ரூன் பொட்டலத்தை வைத்தாள். "சீட்டுல ஆள் இருக்கு. நீங்க ஆட்டோவுல வாங்க."

வண்டியைக் கிளப்பி வேப்பமர நிழல் முடிகிற இடம்வரை போனாள். அங்கே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை.

கொக்கியிலிருந்து ஹெல்மெட்டை யாரோ எடுத்தார்கள். பொட்டலம் அவள் முதுகுப்பக்கம் இடம் மாறியது. வண்டியின் பின்பக்கம் ஓர் ஆள் கனத்துக்கு இறங்கியது.

வண்டி தெருமுனை திரும்பியது. அதற்குமேல் பேசாமல் ஓட்டச் செல்லக்கனியால் முடியவில்லை.

"ஏசி எப்படி இருந்துச்சு?"

"சளி பிடிச்சிருச்சு," என்றாள் சுப்ரஜா, மூக்கை உறிஞ்சி.

அன்று முழுவதும் செல்லக்கனிக்குக் கிடைக்காத திருப்தி அந்தச் சளியில் கிடைத்தது.